டிராவலருக்கு ரீமேப் தேவையா? திருத்தணி மலைச்சாலையில் ஒரு சோதனை

டீசல் வேன் வைத்திருப்பவர்களின் செல்போனுக்கு ஒரு விளம்பரம் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. எஞ்சினைத் திறக்க வேண்டாம், ஒரு பாகமும் மாற்ற வேண்டாம், லேப்டாப்பைச் சொருகினால் இரண்டு மணி நேரத்தில் இழுவை கூடும், மைலேஜும் கூடும் என்கிறது அது. இந்த வேலைக்குப் பெயர் ரீமேப். கார் பிரியர்களோடு நின்றிருந்த இந்தப் பழக்கம் இப்போது சுற்றுலா வேன்களுக்கும் வந்துவிட்டது.

திருத்தணியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இங்கே வேன் ஓட்டுபவர்களின் வருமானமே மலைகளை நம்பி இருக்கிறது. உள்ளூரில் முருகன் மலை. மேற்கே சோளிங்கர். வடக்கே நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி, அங்கிருந்து அலிபிரி தாண்டித் திருமலை. அறுபடை வீடு சுற்றும் குழுக்கள் வந்தால் பழனி வரைக்கும், அதற்கு அப்பாலும் ஓட்டம் உண்டு. ஆடிக் கிருத்திகை சமயத்தில் சீட்டு நிரம்பி, மேலே மூட்டையும் கட்டி, ஏ.சி.யும் ஓடும்போது வண்டி ஏற்றத்தில் திணறினால் ஓட்டுநருக்கு முதலில் வரும் எண்ணம், ‘இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் போதும்’ என்பதுதான்.

அந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க, ஒரே மாதிரியான இரண்டு வேன்களை எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஃபோர்ஸ் டிராவலர். ஒன்று, ரீமேப் செய்யப்பட்ட பி.எஸ்.4 (முந்தைய புகை விதி) வண்டி. மற்றொன்று, கைபடாத பி.எஸ்.6 (இப்போதைய புகை விதி) வண்டி. இதன் உரிமையாளர் இழுவை போதவில்லை என்று ரீமேப்புக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தார். இரண்டையும் ஊர் மலைச்சாலையிலும் திருப்பதி நெடுஞ்சாலையிலும் ஓட்டினேன்.

ரீமேப்பில் என்ன மாறுகிறது

பழைய டீசல் எஞ்சினில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைப் பம்ப் தீர்மானித்தது. இழுவை வேண்டுமென்றால் மெக்கானிக் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றி வைப்பார். வண்டி பாயும், கூடவே கரும்புகையும் வரும். லாரி ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை.

இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அந்தப் பொறுப்பு இ.சி.யூ. என்ற சிறு கணினியிடம் இருக்கிறது. பம்ப் டீசலை 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் தேக்கி வைக்கிறது. எந்த இன்ஜெக்டர், எந்த நொடியில், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இ.சி.யூ. சொல்கிறது. அதற்கு ஆதாரமாக அதன் நினைவகத்தில் பல அட்டவணைகள் உண்டு. இந்த ஆர்.பி.எம்.மில், ஆக்ஸிலரேட்டர் இவ்வளவு அழுத்தப்பட்டால், இவ்வளவு டீசல், இவ்வளவு டர்போ காற்று, இவ்வளவு டார்க், இதற்கு மேல் புகை வரும் என்பதால் இதோடு நிறுத்து என்று ஒவ்வொரு சூழலுக்கும் ஓர் எண் இருக்கும். இந்த அட்டவணைகளுக்குத்தான் மேப் என்று பெயர். அந்த எண்களை மாற்றி எழுதுவது ரீமேப்.

டியூனிங் பாக்ஸ் என்று விற்கப்படுவது வேறு வகை. அது இ.சி.யூ.வைத் தொடாது. ரெயில் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்கும் இ.சி.யூ.வுக்கும் நடுவே உட்கார்ந்து, உள்ளதைவிடக் குறைவான அழுத்தம் இருப்பதாகத் தகவல் கொடுக்கும். அதை நம்பி இ.சி.யூ. அழுத்தத்தை ஏற்றும். கணினிக்குப் பொய்த் தகவல் கொடுத்து ஓட வைக்கும் முறை என்பதால் இரண்டில் இதையே நான் முதலில் ஒதுக்குவேன்.

“அதே எஞ்சின்தான் அண்ணே”

ரீமேப் செய்பவர்கள் சொல்லும் முதல் வாதம் இது. “அதே எஞ்சின்தான் அண்ணே. வேற வண்டியில கூடுதல் பவர் குடுக்குறாங்க. உங்க வண்டியில பூட்டி வச்சிருக்காங்க.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உதாரணங்களும் உண்டு. டாடாவின் 2,179 சி.சி. டீசல் எஞ்சின் பி.எஸ்.6 விங்கர் வேனில் சுமார் 100 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. அதே அளவு எஞ்சின் சஃபாரி ஸ்டார்மின் கடைசி வடிவத்தில் 156 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டரும் தந்தது. டொயோட்டா இன்னோவாவின் பழைய 2.5 லிட்டர் எஞ்சின் இந்தியாவில் 102 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். அதே குடும்பத்து எஞ்சின் வெளிநாடுகளில் ஹைலக்ஸில் 144 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர்.

ஆனால் இந்த வித்தியாசம் மேப்பில் மட்டும் வந்ததில்லை. வெளிநாட்டு ஹைலக்ஸில் எஞ்சின் வேகத்துக்கேற்ப இதழ்களைத் திருப்பிக்கொள்ளும் டர்போ இருந்தது, இன்டர்கூலர் இருந்தது. நம் இன்னோவாவில் இன்டர்கூலர் இல்லை. ஸ்டார்ம் 400 நியூட்டன் மீட்டருக்குப் போனபோது டாடா ஐந்து கியருக்குப் பதில் ஆறு கியர் பெட்டியைப் பொருத்தியது. கம்பெனி சக்தியைக் கூட்டும்போது அதைத் தாங்கும் பாகங்களையும் சேர்த்தே மாற்றுகிறது. ரீமேப்பில் எண்கள் மட்டுமே மாறுகின்றன. கிளட்சும் கியரும் டர்போவும் பழையவையே.

எஞ்சினில் கம்பெனி கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்திருக்கும் என்பதும் உண்மைதான். அந்த இடைவெளி வீணாக விடப்பட்டதில்லை. இன்ஜெக்டர் தேய்ந்த பிறகும், ஏர் ஃபில்டர் அடைத்த பிறகும், தரம் குறைந்த டீசல் ஊற்றினாலும், கத்திரி வெயிலில் முழுச் சுமையோடு ஏறினாலும் வண்டி உடையாமல் ஓட வேண்டும் என்பதற்கான இருப்பு அது. நாளெல்லாம் ஓடும் வேனுக்கு அந்த இருப்பு மிக அவசியம்.

ஓட்டிப் பார்த்ததில்

ரீமேப் செய்த பி.எஸ்.4 வண்டியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. காலியாக ஓட்டும்போது இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதுமே வண்டி முன்னால் தள்ளுகிறது. திருத்தணியிலிருந்து நகரி போகும் சாலையில் லாரியை முந்தும்போது கியரைக் குறைக்காமலே வேகம் ஏறுகிறது. மலைச்சாலையில் வளைவு முடிந்து நிமிரும் இடத்தில் அந்த முதல் இழுப்பு கைக்கு இதமாக இருக்கிறது. ஓட்டுநருக்கு இது பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆட்கள் ஏறிய பிறகு படம் மாறியது. ஏற்றத்தில் குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தினால் பின்னால் கரும்புகை பரவியது. டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொடுக்கும் முன்பே கூடுதல் டீசல் உள்ளே போய்விடுகிறது என்பதன் அடையாளம் அது. புகைக் கட்டுப்பாட்டு அட்டவணையைத் தளர்த்தி எழுதியிருக்கிறார்கள். படியேறும் பக்தர்களும் காவடி எடுப்பவர்களும் கூடும் மலையில் அந்தப் புகை யார் முகத்தில் அடிக்கிறது என்பதை நினைத்தாலே மனம் ஒப்பவில்லை.

அடுத்தது கிளட்ச். முழுச் சுமையோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கருகல் வாடை வந்தது. மூன்றாவது கியரில் திடீரென அழுத்தினால் ஆர்.பி.எம். ஏறுகிறது, அதற்கேற்ப வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். தட்டு பழையதாக இருக்கலாம். ஆனால் கம்பெனி அளவு டார்க்குக்கு இன்னும் சில காலம் தாங்கியிருக்கக்கூடிய தட்டு, கூடுதல் டார்க்குக்குத் தாங்கவில்லை. நண்பகலில் ஏ.சி.யோடு ஏறியபோது வெப்பமானி முள் வழக்கமான இடத்தைவிட மேலே போய் நின்றது.

கைபடாத பி.எஸ்.6 வண்டிக்கு வருவோம். இதன் 2,596 சி.சி. எஞ்சின் 115 குதிரைத்திறன் தருகிறது. டார்க் 350 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,400 முதல் 2,200 ஆர்.பி.எம். வரை. ஏட்டில் இது தாராளம். ஆனால் கையில் அந்த இழுவை இல்லை. காலியாக ஓட்டும்போதே ஏற்றத்தில் சோம்பல் தெரிந்தது. உரிமையாளர் சொன்னது சரி, வண்டி இழுக்கவில்லை. குறை மேப்பில் இருக்கிறதா, வேறு எங்காவது இருக்கிறதா என்பதே மிச்சமிருந்த கேள்வி.

மலையேற எவ்வளவு சக்தி வேண்டும்?

இதற்கு ஊகம் தேவையில்லை, பள்ளிக்கூட இயற்பியலே போதும். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து வண்டி 4 டன் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 30 கி.மீ. மலைவளைவுகளில் இதற்கு மேல் பாதுகாப்பாக ஓட்ட இடமும் இல்லை.

எடையை மேலே தூக்க மட்டும் சுமார் 23 கிலோவாட் வேண்டும். டயர் உராய்வுக்கு 4 கிலோவாட். கியர், ஆக்சிலில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் 31 கிலோவாட், அதாவது சுமார் 42 குதிரைத்திறன். ஏ.சி. கம்ப்ரஸருக்குச் சில குதிரைத்திறன் கொடுத்தாலும் 50-ஐத் தாண்டாது.

இந்த எஞ்சின் 1,400 ஆர்.பி.எம்.மில் 350 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால், அந்த வேகத்திலேயே அதன் சக்தி சுமார் 69 குதிரைத்திறன். உச்ச சக்தியான 115-ஐத் தொடவே வேண்டியதில்லை. சரியான கியரில், 1,400-க்கு மேலே எஞ்சினை வைத்திருந்தால் தேவையானதைவிட அதிகமாகவே கையில் இருக்கிறது.

மலையில் திணறும் வேன்களைக் கவனித்தால் இரண்டு காரணம் தெரியும். ஒன்று, மைலேஜுக்காக மேல் கியரிலேயே இழுத்துக்கொண்டு போய், ஆர்.பி.எம். டர்போ எழும் எல்லைக்குக் கீழே விழுவது. இரண்டாவது, எஞ்சின் தன் முழு அளவைத் தர முடியாதபடி எங்கோ ஏதோ பழுதாகியிருப்பது. இரண்டுக்கும் ரீமேப் மருந்தாகாது.

நெடுஞ்சாலை வேகத்துக்காக ரீமேப் என்ற பேச்சுக்கும் இடமில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 118-ன்படி, 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான பயணிகள் வேன்களில் மணிக்கு 80 கி.மீ.யில் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். அதையும் சேர்த்து எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

மைலேஜ் கணக்கு

ரீமேப்புக்கு வாங்கும் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி லிட்டருக்கு 10 கி.மீ. தருகிறது, ரீமேப்புக்குப் பின் 5 சதவீதம் கூடி 10.5 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 கி.மீ.க்கு மிச்சமாகும் டீசல் 4.8 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 440 ரூபாய் சொச்சம். போட்ட 30,000 திரும்பி வர சுமார் 68,000 கி.மீ. ஓட வேண்டும். அதற்குள் கிளட்ச் செட் ஒன்றைக் காலத்துக்கு முன்பே மாற்ற நேர்ந்தால் கணக்கு நட்டத்தில் முடியும்.

அந்த 5 சதவீதமும் ஓட்டுநர் பழையபடியே மெதுவாக அழுத்தினால்தான். கூடுதல் இழுவை கிடைத்த கால் கூடுதலாக அழுத்தும். ரீமேப் செய்த வண்டியின் உரிமையாளரிடம் கேட்டபோது, மைலேஜில் தனக்கு மாற்றம் தெரியவில்லை என்றார். ஆந்திராவில் டீசல் விலை அதிகம் என்பதால் எல்லை தாண்டும் முன் டேங்கை நிரப்பிக்கொள்வது இங்குள்ள ஓட்டுநர்களின் வழக்கம். அந்த வழக்கம் தரும் சேமிப்பு நிச்சயமானது, எஞ்சினுக்கு ஆபத்தும் இல்லை.

திருத்தணி வெயில்

தமிழகத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி கோடைதோறும் இடம்பிடிக்கிறது. டீசல் எஞ்சினுக்கு இது வெறும் வானிலைச் செய்தி இல்லை. 25 டிகிரியில் உள்ள காற்றைவிட 45 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. அதே கன அளவில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஏற்கெனவே டீசலைக் கூட்டி எழுதிய மேப், குறைந்த ஆக்சிஜனோடு சேரும்போது டீசல் முழுதாக எரியாது. புகை கூடும், வெளியேறும் வாயுவின் வெப்பமும் கூடும்.

முழுச் சுமையில் டீசல் எஞ்சினின் வெளியேறும் வாயு 800 டிகிரியை ஒட்டிப் போகக்கூடியது. டர்போவின் இறக்கையும் பேரிங்கும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். கம்பெனி மேப்பில் வெளிக்காற்று சூடானால் டீசலைக் குறைக்கும் திருத்தம் இருக்கிறது. வெயிலில் வண்டி சற்று மந்தமாவதற்கு அதுவும் ஒரு காரணம், அது எஞ்சினைக் காப்பதற்காகச் செய்யப்படுவது. மலிவான ரீமேப்புகளில் அந்தத் திருத்தத்தையும் தளர்த்திவிடுகிறார்கள். வேறு ஊரின் குளிர்ந்த காலையில், சக்தியை அளக்கும் டைனோ மேடையில், ஆளில்லாத வண்டியில் அளந்து கொடுத்த தாளை நம்பி மே மாதத்தில் திருமலை ஏறுவது விவேகம் ஆகாது.

பி.எஸ்.6 வண்டிக்கு இன்னும் கண்டிப்பு

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 நடைமுறைக்கு வந்தது. டீசல் கார்களுக்கு பி.எஸ்.4 காலத்தில் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதி இருந்தது. பி.எஸ்.6-ல் அது 80 ஆனது. துகள் அளவு 25-லிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது. வேன்களுக்கு எடைக்கேற்ப எண்கள் மாறினாலும் அங்கும் வரம்பு இறுக்கப்பட்டது. இதற்காகப் புகைக் கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்.சி.ஆர். போன்ற அமைப்புகள் வண்டிக்கு ஏற்றபடி சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் கம்பெனி மேப்போடு பிணைந்தவை.

டீசலைக் கூட்டினால் கரி கூடும். கரி கூடினால் டி.பி.எஃப். சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் செக் எஞ்சின் விளக்கு எரியும், சக்தி குறைந்து வண்டி ஊர்ந்து போகும். அதன் பிறகு கடைக்காரர் சொல்லும் அடுத்த யோசனை டி.பி.எஃப்.பையே எடுத்துவிடலாம், வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆரையும் அடைத்துவிடலாம் என்பது. ரீமேப் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. தன் பிள்ளைகள் மூச்சுவிடும் ஊரில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வரக் கூடாது.

மென்பொருள் ஒன்று புகையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன், சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் எஞ்சினை இயக்கும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது அமெரிக்காவில் வெளிவந்தது. உலகம் முழுவதும் 1.1 கோடி வண்டிகள். இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள். இரும்பில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல், எழுதப்பட்ட எண்களே காற்றின் தரத்தைத் தீர்மானித்தன.

சட்டமும் இன்சூரன்ஸும்

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்திருக்கிறது. புகை விதியை மீறி ஓட்டினால் பிரிவு 190-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தகுதி இழக்கலாம்.

மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாதே என்பார்கள். புகை தெரியும். பி.எஸ்.4 டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் எல்லை, புகையின் அடர்த்தியைச் சொல்லும் ஹெச்.எஸ்.யூ. அலகில் 50. பயணிகள் வேன் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போயாக வேண்டும். திருத்தணி வேன் எல்லை தாண்டினால் ஆந்திரப் போக்குவரத்து அதிகாரிகளின் சோதனைக்கும் ஆளாகும். இரண்டு மாநிலச் சாலையில் பிழைப்பவர், சந்தேகத்துக்கு இடம் தரும் வண்டியை வைத்துக்கொள்வது தொழிலுக்கே ஆபத்து.

இ.சி.யூ. தன்னுள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற பதிவை வைத்திருக்கும். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் அந்தப் பதிவு நிற்கக்கூடும். வாரன்ட்டி மறுக்கப்பட அது போதும். இன்சூரன்ஸில் சொல்லாத மாற்றம் இருப்பது தெரிந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். சொந்தக் காருக்கு இது பண நட்டம். பதினைந்து இருபது பேரை ஏற்றிச் செல்லும் வேனுக்கு இது அந்தக் குடும்பங்களின் பாதுகாப்பு பற்றிய கேள்வி.

முதலில் செய்ய வேண்டியது

இழுவை குறைந்த பி.எஸ்.6 வண்டிக்கு நான் செய்தது எளிய சோதனை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துளையில் பொருத்தும் புளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ‘டார்க்’, ‘கார் ஸ்கேனர்’ என்ற பெயர்களில் உள்ள செல்போன் செயலிகளோடு அது பேசும். எல்லா வேனிலும் எல்லா எண்ணும் வராது. ஆனால் டர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம், பதிவான பிழைக் குறியீடுகள் ஆகியவற்றில் வருபவை வந்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஓட்டும்போது பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் செல்போனைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் அழுத்தியபோது ரெயில் அழுத்தம் சீராக ஏறியது. டர்போ அழுத்தம் ஏறத் தயங்கியது. டீசல் வருகிறது, காற்று வரவில்லை. பானட்டைத் திறந்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவும் ஒரு வெடிப்பும் இருந்தன. ஏர் ஃபில்டரும் புழுதியில் அடைத்திருந்தது. குழாயையும் ஃபில்டரையும் மாற்றி மறுபடி மலையேறியபோது அந்த 350 நியூட்டன் மீட்டர் கைக்குத் தெரிந்தது. உரிமையாளர் ரீமேப் யோசனையை அங்கேயே கைவிட்டார்.

ரீமேப்புக்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள் அதற்கு முன் இந்த வரிசையில் பார்த்துவிடுங்கள்:

– ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் குழாய்கள், கிளாம்ப்புகள்.

– டீசல் ஃபில்டர், அதன் அடியில் சேரும் தண்ணீர்.

– இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு. ஒன்றில் மட்டும் அதிகமாக வந்தால் அது தேய்ந்திருக்கிறது.

– இ.ஜி.ஆர். வால்வில் கரி, டி.பி.எஃப். அடைப்பு.

– பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் தெரிந்துவிடும்.

– டயர் காற்று, வீல் அலைன்மென்ட், மேலே ஏற்றும் மூட்டையின் எடை.

– அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கம்பெனியின் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்ற விசாரணை. வண்டிக்குச் சட்டப்படி ஏற்றக்கூடிய மேப் அது ஒன்றுதான்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் ரீமேப் கட்டணத்துக்குள் முடியும். இன்ஜெக்டர் மாற்ற நேர்ந்தால் செலவு கூடும். ஆனால் தேய்ந்த இன்ஜெக்டர் இருக்கும் எஞ்சினில் ரீமேப் ஏற்றினால் பிஸ்டன் வரை சேதம் போகலாம். ஆகவே அந்தச் செலவைத் தவிர்க்கவே முடியாது.

கூடவே ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், 1,500-க்கும் 2,200-க்கும் இடையே எஞ்சினை வைத்திருங்கள். டார்க் முழுமையாக இருக்கும் இடம் அது. இறங்கும்போதும் அதே கியரில் இறங்கினால் பிரேக் அதிகம் சூடாகாது. மலையிறங்கி வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போவின் ஆயுளுக்கு நல்லது.

தீர்ப்பு

ரீமேப்பில் கிடைப்பவை: காலியான வண்டியில் உடனடி இழுப்பு, நெடுஞ்சாலையில் முந்துவதற்கு வசதி, ஓட்டும் சுகம்.

இழப்பவை: கிளட்ச், டர்போ, டி.பி.எஃப். ஆகியவற்றின் ஆயுள், வாரன்ட்டி, இன்சூரன்ஸ் நிம்மதி, சட்டப் பாதுகாப்பு, சுற்றியிருப்பவர்களின் காற்று.

பி.எஸ்.6 பயணிகள் வேனுக்கு ரீமேப் வேண்டாம். பி.எஸ்.4 வேனுக்கும் வேண்டாம். ஏற்கெனவே செய்து ஓட்டுபவர்கள், கிளட்ச் வழுக்கினாலோ கரும்புகை வந்தாலோ கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். கடைக்காரர் பழைய மேப்பின் நகலை வைத்திருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆட்கள் நிரம்பிய டிராவலர் மலையேறத் தேவையானது 50 குதிரைத்திறனுக்குள். உங்கள் பி.எஸ்.6 எஞ்சினிடம் 115 இருக்கிறது. அது முழுதாக வந்து சேர்கிறதா என்பதை மட்டும் சோதித்து, தடையாக இருக்கும் பழுதை நீக்கிவிடுங்கள். ரீமேப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் மிச்சமாவதை நல்ல டயருக்கும் பிரேக் லைனிங்குக்கும் செலவிடுங்கள்.